சங்கிலி இழுத்தும் போகாத தண்ணீர்

“ஹலோ... ஹலோ... இல்லங்க, மறந்துட்டேன், ஜப்பான் பாஷையிலதான் சொல்லணும்ல, மோஷி மோஷி! மோஷி மோஷி! கிளேபாங் வேணும்... ஆமா, யூனுஸ் மீன் கிடங்கு... ஆமாங்க, தமிழ்லதான் பேசுவேன், வீட்டு விஷயம்... சரி சரி, சுருக்கமா முடிச்சிடுறேன். குடுங்க.”

அப்துல் கய்யூமுக்கு இடது கன்னம் இன்னும் எரிந்தது. சங்கிலி இழுத்தால் தண்ணீர் கொட்டும் கக்கூஸ் அவர் வீட்டில் இருப்பதாகக் காஜா பெராங் தெருவே பொறாமைப்பட்ட காலம் ஒன்று உண்டு. அந்தப் பெருமைதான் ஜப்பான் அதிகாரியை முன்னறையில் கொண்டுவந்து குடிவைத்தது. இன்று காலை அதிகாரி சங்கிலியை இழுத்திருக்கிறார். கீழே போக வேண்டியது மேலே வந்து அவர் பூட்ஸை நனைத்துவிட்டது. துக்காங் எமாஸ் தெருக் கடையிலிருந்து கய்யூமை வரவழைத்து, கன்னத்தில் ஒன்று விட்டு, மணி ஒன்று அடிப்பதற்குள் சரியாகாவிட்டால் சிப்பாய்களை வைத்துக் குழாயைத் தோண்டி எடுப்பேன் என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார். சுவரில் டோக்கியோ நேரம் காட்டும் கடிகாரத்தில் இப்போது பன்னிரண்டே கால்.

“யூனுஸா? மச்சான், நான்தான்... சுகம், சுகம். அதெல்லாம் அப்புறம். உங்க அக்கா வந்து சேந்துடுச்சா?... கூப்பிடு. ஓடு, ஓடு!”

தோண்டினால் என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். சிநேகிதர் ஒருவர் ஒளித்து வைத்திருந்த ரேடியோவில் கேட்கும் யுத்தச் செய்தியைக் கய்யூம் அரபுத்தமிழில், அதாவது அரபு எழுத்தில் தமிழாக எழுதி, வெள்ளிக்கிழமை தொழுகைக்கு வரும் மூன்று பேருக்குக் கொடுத்துவந்தார். அகப்பட்டால் தலை போகும் காரியம். சிநேகிதர் வீட்டைச் சோதனை போடுகிறார்கள் என்று இன்று விடிகாலை சுபுஹு தொழுகையிலேயே காதில் விழுந்துவிட்டது. அரிசி மூட்டைக்கு அடியில் இருக்கும் எண்ணெய்த்துணிப் பையைக் கக்கூஸில் போட்டுச் சங்கிலியை இழு என்று மனைவி நஜ்முன்னிசாவிடம் சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். பைக்குள் பதினான்கு தாள். அவளும் தலையாட்டிவிட்டு, கடலோரக் கிளேபாங்கில் இருக்கும் தம்பி யூனுஸ் வீட்டுக்குக் கிளம்பிப் போயிருந்தாள்.

“நஜ்மு?... நான்தான்... அழாத புள்ள, யாருக்கும் ஒண்ணும் ஆகல. சொல்றதக் கேளு. காலையில ஒரு பழைய துணி சொன்னேன்ல?... ஆமா, அதேதான். போட்டியா?... என்ன இழுக்குறே? போட்டியா இல்லியா?... சரி, போட்டுட்டே. சங்கிலி?... ரெண்டு தடவையா... ஆமா ஆமா, போயிடுச்சுன்னுதான் யாரும் நெனப்பாங்க. போகலம்மா! வழியிலயே உக்காந்துகிட்டு வீட்டையே நாறடிக்குது!... பெரியவருதான் பாத்தாரு... ம். ஒரே ஒரு அறைதான். அத விடு.”

டெலிபோன் ஆபீசில் யாராவது காதை வைத்திருப்பார்கள். பேச்சைப் பாதி முழுங்கித்தான் பேச வேண்டியிருந்தது.

“ஆளா? எந்த ஆளக் கூப்பிடச் சொல்றே? ஆளு வந்து வெளிய எடுத்தா என்னத்தக் காட்டுவான்?... அதான். நானேதான் எடுக்கணும். ஒரு மணிக்கு வந்துடுவாரு. நீ வழி சொல்லு... சலவைச் சோடாவா? சோடாவுக்கு எங்க போறது, சவுக்காரம் பாத்தே ஆறு மாசமாச்சு... சாம்பலு? அடுப்புச் சாம்பலா?... சுடுதண்ணியில கரைச்சு... ம்... கொதிக்கக் கூடாதா? ஏன்?... ஆமாமா, பீங்கான் வெடிச்சா அதுக்கு வேற அறை வாங்கணும். கை பொறுக்குற சூடு. சரி. இருந்துக்க, வச்சிடாத!”

கலியாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் கய்யூம் அடுப்படிக்குள் நுழைந்தது வெந்நீர் கேட்க மட்டும்தான். இன்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பலை அள்ளினார். பாதி மூக்கில் போயிற்று. வாளியை இடுப்பு உயரத்தில் பிடித்து, அவள் சொன்னபடி ஒரே ஊற்றாக ஊற்றினார். தண்ணீர் விளிம்பு வரை வந்து நின்று அவரையே பார்த்தது. அதற்குமேல் ஒரு செம்பு ஊற்றவும் இடமில்லை.

“நஜ்மு... இருக்கியா? ஏறி நிக்குது, இறங்க மாட்டேங்குது... எவ்வளவு நேரம் ஊறணும்? ஊறுறதுக்கு நேரம் எங்கடி இருக்கு! பன்னெண்டு முப்பத்தஞ்சு!... கத்தல. நான் கத்தல... சொல்லு... சைக்கிள் டியூபு. அந்தப் பழசா? எங்க?... கோழிக்கூண்டு மேல. சரி. விளக்குமாத்துக் கட்டையில... நுனியில துணியப் பந்தாட்டம் சுத்தி... அதுக்கு மேல டியூப வெட்டி இறுக்கிக் கட்டணும். ஆமா, ஆமா. அப்புறம் இடிக்கணும்... இடிக்கக் கூடாதா?... மெதுவா அமுக்கி, வெடுக்குனு இழுக்கணும். இதெல்லாம் எப்ப கத்துக்கிட்டே நீ?... ஆமா, நான் வீட்ல இருந்தாத்தானே தெரியும். இரு!”

அமுக்கினார், இழுத்தார். அமுக்கினார், இழுத்தார். முகத்தில் தெளித்ததைத் துடைக்கக்கூட நிற்கவில்லை. தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன? இருபது தடவைக்குப் பிறகு குழாய் ஒரு ஏப்பம் விட்டது. தண்ணீர் நாலு விரல் இறங்கி மறுபடி நின்றுகொண்டது.

“கொஞ்சம் வழி விட்டுச்சு! நாலு விரல்... கட்டையில ஏதோ மெத்துனு தட்டுது. வளைவுலதான் நிக்குது... தள்ளட்டுமா?... தள்ளாதயா? உள்ள போனா தோண்டித்தான் எடுக்கணும், ஆமா, சரியாத்தான் சொல்றே. அப்ப எப்படி இழுக்குறது?... பிரம்பு. மெத்தை அடிக்கிற பிரம்பு, அதுதான் வளைஞ்சு போகும்... நுனிக்குக் கொக்கி?... குடைக்கம்பியா! என் குடையையா?... சரி சரி, உசுருக்கு மேலயா குடை. ஒடைச்சிடுறேன்... நஜ்மு, என்ன சொல்ல வர்றே? அந்தத் துணியப் பத்தி இப்ப என்ன? எடுத்துட்டு வந்து கேக்குறேன். நேரம் இல்ல!”

குடைக்கம்பியை வளைத்துப் பிரம்பு நுனியில் நூலால் வரிந்து கட்டினார். பிரம்பு வளைவில் போய் முட்டியது. திருகினார். கம்பி எதையோ கவ்வியது. விட்டுவிடாதே என்று கம்பியிடமே கெஞ்சிக்கொண்டு இழுத்தார். நீல எண்ணெய்த்துணிப் பை சேறு வழிய வெளியே வந்தது. பின்னாலேயே தண்ணீர் ‘மடக்’கென்று முழுவதும் இறங்கிப் போயிற்று. கய்யூமுக்கு அழுகையே வந்துவிட்டது. தாள்களை இனி அடுப்பில் போட்டுவிடலாம் என்று பையைப் பிரித்தார். உள்ளே ஒன்றும் இல்லை.

“நஜ்மு! பை வந்துடுச்சு... தண்ணி போயிடுச்சு, அல்ஹம்துலில்லாஹ்... ஆனா பை காலியா இருக்கே! உள்ள இருந்தது எங்க?... கரைஞ்சிருக்காது, முடிச்சு போட்டபடியேதான் இருந்துச்சு... பேசு புள்ள... நீ போடலயா? பைய மட்டும் போட்டியா?... ஏன்?... என்ன தலைப்பு?... எது?... யா அல்லாஹ்.”

அரிசிச் சீட்டு எழுதினாலும் பிஸ்மில்லாஹ் எழுதாமல் அவர் கை ஓடாது. பாலகனாக ஓதப்பள்ளியில் பழகிய பழக்கம். யுத்தச் செய்திக்கும் அப்படித்தான், பதினான்கு தாளின் உச்சியிலும் பிஸ்மில்லாஹ். எழுதியவருக்கு அது நினைவில்லை. நஜ்முன்னிசாவுக்கு எப்படி மறக்கும்? அல்லாஹ்வின் பேரை அந்தக் குழியில் போட அவளுக்குக் கை வரவில்லை. கிழிந்த குர்ஆன் தாள்களை எல்லாரும் செய்வதுபோல ஓடும் தண்ணீரில் விடலாம் என்று எடுத்துப் போயிருக்கிறாள்.

“அப்ப... கடல்ல விட்டுட்டியா?... விடலயா? ஏன்?... கரை பூராவும் சிப்பாயா... அப்ப இப்ப எங்க இருக்கு?... ஒன் இடுப்புலயா?”

முதலில் வந்தது கோபம்தான். அது வாய்வரை வருவதற்குள், காஜா பெராங்கிலிருந்து கிளேபாங் போகிற பாதை கண்ணில் வந்து நின்றது. கோபம் இருந்த இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்தது.

“வழியில சிப்பாய்க் காவல் ரெண்டு இருக்கே... ரெண்டுலயும் வண்டிய விட்டு இறங்கி அவனுக்குக் குனிஞ்சியா, அத வச்சுக்கிட்டு?... கைப்பைய சோதிச்சானா?... மேல கை வைக்கலயே?... ம். ம். நஜ்மு, நான் எழுதுன எழுத்துக்கு நீ...”

முற்றத்தில் கார் வந்து நின்றது. மணி ஒன்றாக இன்னும் எட்டு நிமிஷம் இருந்தது. சேறு வழியும் பையைக் கய்யூம் சாம்பல் வாளிக்குள் காலால் அமுக்கினார். அதிகாரி அவரைப் பார்க்காமலே உள்ளே போனார். சங்கிலி இழுபடும் சத்தம் கேட்டது. தண்ணீர் கொட்டி, சுழன்று, ஒழுங்காக இறங்கிப் போகும் சத்தமும் கேட்டது. திரும்பி வந்த அதிகாரி “பாகுஸ்”, நல்லது, என்று மலாயில் சொல்லித் தலையசைத்துவிட்டு, டெலிபோனுக்குக் கையை நீட்டினார்.

கய்யூம் குனிந்து வணங்கினார். ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டினார். இன்னொரு அறை விழுந்தாலும் பரவாயில்லை என்று தோன்றியது.

“ஆமா ஆமா, மீனுதான்... அந்தப் பதினாலு மீனும்மா... கடலுக்குத் திரும்ப எடுத்துட்டுப் போகாத. திரும்பி வர்ற வழியிலயும் ரெண்டு காவல் இருக்கு... ஒன் தம்பி கிடங்கு அடுப்பு எரியுதுல்ல? அதுல போட்டுடு... தெரியும். தெரியும் நஜ்மு. பாவம் வந்தா என் தலையில வரட்டும், நான் பதில் சொல்லிக்கிறேன்... அழாத. ஒண்ணொண்ணா போடு. ஒவ்வொண்ணுக்கும் பிஸ்மில்லாஹ் சொல்லிட்டுப் போடு... ஆமா, இப்பவே. நான் கேட்டுக்கிட்டிருக்கேன்... ம்... ம்... ரெண்டு... மூணு...”

அதிகாரியின் கை வந்து டெலிபோன் கொக்கியை அழுத்தியது. பேச்சு அறுந்தது.

கய்யூம் ரிசீவரை இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்துவிட்டு, சாம்பல் வாளியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு நடந்தார். நாலு, அஞ்சு என்று உதடு எண்ணிக்கொண்டே போயிற்று. பதினாலு வரும்வரை அவர் வாளியைக் கீழே வைக்கவில்லை.