ஆடு கொடுத்த உத்தரவு

எனக்குக் கோர்வையாக எழுத வராது, பாதி மறந்தும் போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரன் காலத்தில், கொல்லிமலை அடிவாரச் சந்தையில் உப்பு வாங்க வரிசையில் நின்றிருந்தேன். பக்கத்தில் முகம் வெளுக்கும் பூச்சு விற்றவரிடம், மலைமேல் வளப்பூர் நாட்டிலிருந்து இறங்கி வந்த ஒரு புருசனும் பெண்டாட்டியும் சண்டைக்கு நின்றார்கள்.

“ஏனுங்க, வெள்ளிக்கெழம எம் மகளுக்குக் கல்யாணம். இதப் பூசி அவ மூஞ்சியெல்லாம் கொப்புளமுங்க!” என்றாள் பெண்டாட்டி.

“பூசறதுக்கு முன்னால சோதிச்சுப் பாக்கலீங்களா?” என்றார் கடைக்காரர்.

“ஆட்டுக் காதுல தடவிப் பாத்தமுங்க,” என்றார் புருசன். “நல்லா ஒடம்பச் சிலுப்புச்சு. கெடா வெட்டறப்பத் தண்ணி தெளிச்சு, அது சிலுப்புனா சாமி உத்தரவுதானுங்களே?”

“எரிச்சல் தாங்காம சிலுப்புனத உத்தரவுங்கற மனுசன எங்காச்சும் பாத்திருக்கீங்களா?” என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

“மனுசங்கள இது ஒண்ணும் செய்யாதுங்க,” என்றார் கடைக்காரர்.

“அப்ப நீங்க பூசிக்குங்க, பாக்கலாம்!”

அவள் டப்பாவைத் திறந்து அவர் கன்னத்துக்குக் கொண்டுபோனாள். அவர் உடம்பைச் சிலுப்பிக்கொண்டு பின்வாங்கினார்.

“பூசு புள்ள,” என்றார் புருசன். “உத்தரவு வந்துருச்சு.”

அந்தக் கல்யாணம் வெள்ளிக்கிழமையே நடந்ததா என்று, வளப்பூர் நாட்டுப் பக்கம் விவரம் தெரிந்தவர்கள் யாராவது விசாரித்துச் சொல்லுங்கள்.