கானை அடைத்த காரீயம்

பிளேன்டியில் சீனி கொஞ்சம் கூடிவிட்டது, லாபிர் ஐயா. பரவாயில்லை, சூடாக இருக்கிறதே, இந்தக் குளிருக்கு அதுவே போதும். நீங்கள் இன்ஸ்பெக்டர், நான் வர்த்தகம் படிப்பிக்கிற வாத்தியார். இரண்டு பேருமே அடுத்தவன் சொல்வதை அப்படியே நம்பக் கூடாத உத்தியோகம். ஆகையால் ஆறுதலாகச் சொல்கிறேன், என் வாக்குமூலத்தை எழுதுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து கந்தப்பளைக்கு மாற்றலாகி வந்து கனகாலம். தேயிலைத் தோட்டத்துச் சனத்துக்கு நான் மாஸ்டர். மருந்துச் சிட்டையை வாசிக்கவும் என்னிடம் வருவார்கள், மகளுக்கு எந்த மாப்பிள்ளை என்று கேட்கவும் என்னிடம்தான் வருவார்கள். போகும்போது வாசலில் ஒரு முட்டைக்கோவாவை வைத்துவிட்டுப் போவார்கள். புத்தியை இன்னொருத்தனிடம் ஒப்படைத்துவிட்டு மரக்கறியில் வாடகை கட்டுகிற சனம். அந்தக் கோவாவைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

இரண்டாயிரத்து ஆறில் ஒரு கம்பெனி வந்தது. சனம் வரிசையாகக் குடியிருக்கிற லயத்துக்கு மேலே, தேயிலை பிடுங்கிய மேட்டில் குழி தோண்டினார்கள். காரீயமாம், பென்சிலுக்குள் இருக்கிறதே, அதே கரி. இனி உலகத்துப் பற்றரிக்கெல்லாம் அதுதான் வேண்டுமாம். அவர்கள் அச்சடித்த புத்தகத்தில் வெள்ளைக்காரன் ஒருவன் மஞ்சள் தொப்பியோடு சிரித்தான். விற்ற காரீயம் ஒரு கரண்டி கிடையாது. வாங்குகிறேன் என்று சொன்ன ஆளும் கிடையாது. மிச்சம் இருந்தது குழிகளும் பங்குப் பத்திரமும்தான்.

தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் செல்லசாமி வந்தார், பங்கின் விலையை மதித்துச் சொல்லவேண்டுமாம்.

"நீங்க நல்லதுன்னு ஒரு வார்த்த சொன்னா வாங்கிருவோம்ங்க மாஸ்டர். பென்சன் போன ஆளுங்க ஈபிஎப் சல்லி சும்மாதாங்க கெடக்கு."

மதித்தேன். வருமானமே பார்க்காத கம்பெனியில் எதை மதிப்பது? அடுத்து வருகிறவன் எவ்வளவுக்கு ஏமாறுவான் என்பதுதான் அந்தப் பங்கின் விலை. நானும் கொஞ்சம் வாங்கிவைத்தேன். ஆனால் நான் ஒருத்தன் வாங்கி விலை ஏறாதே. "நல்ல சாமான் தலைவர், எடுங்கோ" என்றேன். எடுத்தார்கள்.

குழியில் அள்ளிய கறுப்பு மண்ணைக் கம்பெனிக்காரர் சரிவில் கொட்டினார்கள். வெறும் கழிவு. மழைக்கு அது கரைந்து ஓடுவதைக் கண்டு சனம் பதறியது. தங்கள் சொத்து ஆற்றோடு போகிறதாம். காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்திலேயே கூடிப் பேசினார்கள். மண் இறங்கிப் போன வழி, மலைத் தண்ணீர் வடிவதற்கு இவர்களே வெட்டி, வருடா வருடம் இவர்களே துப்புரவாக்குகிற கான் அது. அதைக் கல்லும் மண்சாக்கும் போட்டு இவர்களே அடைத்தார்கள். குவியலுக்குத் தறப்பாள் மூடி, முறைவைத்துக் காவலும் இருந்தார்கள். கற்பூரம்கூடக் கொளுத்தினார்கள், ஐயா. நான் மெச்சினேன். கொழும்பிலிருந்து பங்கு வாங்க வருகிற ஆட்களுக்குக் காட்ட ஒரு குவியல் வேண்டும்தானே. என் பங்கை அவர்கள் தலையில்தான் கட்ட இருந்தேன்.

ஐப்பசி மழை பிடித்தது. லயத்தின் கடைசிக் காம்பராவில் இருக்கிற வீரம்மா, கொழுந்து எடுக்கிறவள், பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டாள்.

"கானுக்கு மேல தண்ணி கொளமா நிக்குதுங்க மாஸ்டர். மலையில வெடிப்பு உழுந்திருக்கு. தொறந்து விட்றவாங்க? மண்ணு போனா போவுது, புள்ளைக தூங்குற எடம்ங்க."

போய்ப் பார்த்தேன். வெடிப்புக்குள் என் குடை பிடிவரைக்கும் இறங்கியது. கீழே லயத்துக் கூரைகளில் அடுப்புப் புகை.

"கொழும்பு ஆக்கள் வெள்ளிக்கிழமை வருகினம். அதுவரைக்கும் ஒருத்தரும் தொடக் கூடாது. தொட்டால் உங்கடை காசுதான் போகும்" என்றேன்.

செல்லசாமி தலையாட்டினார். வீரம்மாவுக்கு மட்டும் மனம் ஆறவில்லை. "ஒண்ணும் ஆவாதுங்களா?" என்றாள்.

"ஒண்டும் ஆகாது. போய்ப் படுங்கோ."

வெள்ளிக்கிழமை வந்தார்கள். தறப்பாளை விலக்கிப் பார்த்தார்கள், மண்ணை முகர்ந்தும் பார்த்தார்கள். படித்த முட்டாள்கள். என் பங்கு முழுவதையும் வாங்கிக்கொண்டு காசோலை தந்தார்கள். அதை வங்கியில் போட நான் நுவரெலியாவுக்குப் பஸ் ஏற நிற்கும்போது வீரம்மா மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"அவுங்கதான் போயிட்டாங்களே, இப்ப தொறக்கலாமாங்க மாஸ்டர்?"

விற்றாயிற்றே, அப்போதாவது திறக்கச் சொல்லியிருக்கலாமே என்றுதானே பார்க்கிறீர்கள்? காசோலை வங்கியில் மாற வேண்டும், ஐயா. கானைத் திறந்து குவியல் அடித்துக்கொண்டு போனால் அந்தச் செய்தி மறுநாளே கொழும்புக்குப் போகும். காசோலையை நிறுத்திவிடுவார்கள்.

"திங்கள் வரைக்கும் பொறுங்கோ பிள்ளை" என்றேன்.

சனிக்கிழமை விடியும்போது மலை லயத்தின் மேல் இறங்கிவிட்டது. அடுப்புப் பற்றவைக்க எழும்பிய ஓரிருவர் தப்பினார்கள். வீரம்மாவும் பிள்ளைகளும் இல்லை. காவலுக்கு நின்ற செல்லசாமியும் இல்லை. மண்சரிவு, இயற்கை அனர்த்தம் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். இல்லை, ஐயா. இறங்கும் என்று தெரிந்துதான் பொறுக்கச் சொன்னேன்.

கொழும்புக்குப் போன செய்தியில் சாவுக் கணக்குத்தான் இருந்தது, குவியலைப் பற்றி ஒரு சொல் இல்லை. திங்கட்கிழமை காசோலை மாறியது. சவப்பெட்டிகளுக்கு அதிலிருந்து நான்தான் காசு கொடுத்தேன். கம்பெனி கொடுக்கவில்லை, தோட்டம் கொடுக்கவில்லை. அந்தச் சனத்துக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? அதையும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.