தண்டபாணியின் முகம்

பேச்சை இங்கே கொஞ்சம் நிறுத்தி வைக்கிறேன். ஒரு சின்னக் கதை இருக்கிறது... அதைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

உடுமலைப்பேட்டையில் ஒருவர். பெயர் தண்டபாணி. வயது நாற்பத்தெட்டு. எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தார். புதிதாக எந்தக் கருவி வந்தாலும் அதைத் திறந்து பார்க்காமல் அவருக்குச் சோறு இறங்காது.

போன வருஷம் ஒரு புதுப் போன் வந்தது. எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். கதைக்கு அது வேண்டாம். விற்பனை தொடங்கிய முதல் நாளே வாங்கிவிட்டார். படங்களையெல்லாம் புதியதுக்கு மாற்றிவிட்டு, பழைய போனில் இருந்ததை அழித்து, புதியதை வாங்கிய கடையிலேயே கொடுத்துவிட்டார்.

அடுத்த சில நாட்கள்... பட்டறையில் வேலை நடந்ததா? நடந்தது. போனைப் பார்த்த நேரம் போக.

தம்பி மகுடேஸ்வரன் வந்தார்.

"அண்ணா, இது ரொம்பச் சூடாகுதாமா. வெடிக்குதுங்கறாங்க. தலகாணிக்கு அடியில வெக்காதீங்க."

"வெடிச்சா உனக்குத்தான்டா மொதல்ல போன் பண்ணிச் சொல்லுவேன்."

பக்கத்துக் கடை ஜாபர். செல்போன் ரிப்பேர் பார்ப்பவர். அவரிடம் தினம் ஒரு வித்தை இருந்தது.

"பாய், இங்க ஏழு தட்டு தட்டுங்க. ஒளிச்சு வெச்சதெல்லாம் வெளிய வரும். இத ஆஃப் பண்ணுங்க. சார்ஜ் ராத்திரி வரைக்கும் நிக்கும்."

"நாந்தான்டா உன்னய பாய்ங்கணும். நீ என்னய ஏன் பாய்ங்கற?"

அந்தப் போனுக்குப் பூட்டு அவருடைய முகம். காட்டினால் திறக்கும். ரகசிய எண் ஒன்றும் உண்டு. அது அவருக்கு மட்டும்தான் தெரியும். தம்பியின் முகத்துக்கு நேராகப் போனை நீட்டுவார். திறக்காது. ஜாபருக்கு நீட்டுவார். திறக்காது. தன் பக்கம் திருப்புவார்... திறந்துகொள்ளும்.

"பாத்தியா. ஆளத் தெரியுது இதுக்கு."

ஒன்பதாம் நாள். புதன்கிழமை காலை. டீ குடிக்க உட்கார்ந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரியில்... முடிந்துவிட்டது.

இரண்டு மணிக்கு உடல் வீட்டுக்கு வந்தது. ஐஸ் பெட்டி வந்தது. பந்தல் போட்டார்கள். நம் ஊரில் அடுத்த வேலை என்ன? உங்களுக்கே தெரியும். கண்ணீர் அஞ்சலி போஸ்டர். அச்சகத்திலிருந்து போன் வந்தது.

"படம் அனுப்புங்க. நாலு மணிக்குள்ள குடுத்தாத்தான் இன்னிக்கு ஒட்ட முடியும்."

படம்.

மகுடேஸ்வரன் தன் போனில் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். வளைகாப்பு இருந்தது. கிடாவெட்டு இருந்தது. வீட்டுக்குப் பால் காய்ச்சியது இருந்தது. அண்ணன் எதிலும் இல்லை. ஏன் இல்லை? எல்லாம் அண்ணன் எடுத்து அனுப்பியவை. மகள் கயல்விழி தன் போனில் தேடினாள். ஒரு படத்தில் அப்பாவின் கை மட்டும் இருந்தது. ஐஸ்கிரீம் நீட்டும் கை. மனைவி சரோஜினி இருபத்து மூன்று வருஷத்துக்கு முந்தைய கல்யாண ஆல்பத்தை எடுத்து வந்தார். அதில் மாலையும் மீசையுமாக ஒரு இளைஞன் இருந்தான். செத்துப்போனவர் அவன் இல்லை.

எங்காவது இருந்தால் அந்தப் புதுப் போனில்தான் இருக்க வேண்டும். அது பூட்டிக் கிடந்தது.

ஜாபரைக் கூப்பிட்டார்கள். அவர் போனை வாங்கிப் பார்த்தார். அப்புறம் மகுடேஸ்வரனின் காதருகே சொன்னார்.

"நம்பர் இல்லாம நான் எதும் பண்ண முடியாதுங்க. அவரு மொகத்தக் காட்டிப் பாக்கலாம். ஆனா... கண்ணு தொறந்திருக்கணும்."

பெட்டியின் கண்ணாடியைத் தூக்கினார்கள். நெற்றியில் விபூதி. தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி. தம்பி போனை நீட்டினார். முகம் தெரியவில்லை, மறுபடி முயலுங்கள் என்று எழுத்து வந்தது. துணியை அவிழ்த்தார். மறுபடி நீட்டினார். அதே எழுத்து.

தம்பியின் விரல் அண்ணனின் இமைக்குப் போனது.

"விடுங்க தம்பி."

சரோஜினி.

"போஸ்டருக்குங்க அண்ணி. ஒரே ஒரு படம்."

"தூங்கறப்ப எழுப்புனா அவருக்குப் புடிக்காது. மூடுங்க."

மூடினார்கள்.

கடைசியில் ஆதார் அட்டையிலிருந்த படத்தைப் பெரிதாக்கி அடித்தார்கள். நம் எல்லோருடைய ஆதார் படமும் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது. சாயங்காலம் பேருந்து நிலையச் சுவரில் ஒட்டினார்கள். அவருக்கு இருபது வருஷம் டீ கொடுத்தவர் வந்து நின்று பார்த்தார்.

"யாருப்பா இது?"

பெயரைப் படித்தார். அப்புறம் அங்கேயே நின்றார்.

கதை இவ்வளவுதான்.

போன் வாங்காதீர்கள் என்று சொல்லவா இதைச் சொன்னேன்? என் பையிலும் ஒன்று இருக்கிறது. ரகசிய எண்ணை வீட்டில் சொல்லி வையுங்கள் என்பதற்கா? சொல்லி வையுங்கள், நல்லதுதான். நான் சொல்ல வந்தது அது இல்லை.

ஒரு நாளைக்கு நூறு தடவை அந்தப் போனைத் திறந்திருப்பார். நூறு தடவையும் அது அவர் முகத்தைப் பார்த்தது. இவர்தானா என்று பார்த்துத்தான் திறந்தது. ஒன்பது நாளில் தொள்ளாயிரம் தடவை. கடையில் வாங்கிய ஒரு பொருள் பார்த்தது. இருபத்து மூன்று வருஷம் கூட இருந்தவர்கள்... பார்த்தார்களா?

பாசம் இல்லாமலா? இல்லை. அவர்தான் இருக்கிறாரே. இருக்கிற ஆளை யார் பார்ப்பார்கள்?

உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். எல்லோரையும் நிற்கவைத்து, சிரிக்கவைத்துப் படம் எடுப்பவர். எந்தப் படத்திலும் இல்லாதவர். யார் என்று இப்போது நினைவுக்கு வந்திருக்கும். வந்துவிட்டதா?

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அவர் கையிலிருந்து போனை வாங்குங்கள். நீங்க நில்லுங்க என்று சொல்லுங்கள். வேண்டாம் என்பார். தலை சீவவில்லை என்பார். விடாதீர்கள். எடுப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம்... அந்த முகத்தைப் பாருங்கள். அப்புறம் எடுங்கள்.

படம் கலங்கி வந்தால்... வரட்டும்.