கிணற்றுக்குள் மீன்கள்

"எங்க ஸ்கூல் கெணத்துல நேத்து கற்பூரம் ஏத்திட்டாங்க, மச்சான்."

செங்கல்பட்டிலிருந்து மகாபலிபுரம் போகும் பேருந்தில், முன்சீட்டு டிராயிங் வாத்தியார் இப்படிச் சொன்னதும் என் தூக்கம் கலைந்தது.

"இன்னாத்துக்கு?" என்றார் பக்கத்திலிருந்த நண்பர்.

"தண்ணி ஏறுறதைப் பசங்க அளந்து எழுதட்டும்னு, உள்சுவத்துல அடிக்கு அடி காவியும் சுண்ணாம்பும் பட்டை போட்டோம். ஊருல கும்புட்டுட்டுப் போறாங்க. குடத்தை எறக்க மாட்டேங்குறாங்க."

"கோயில் செவுரு மாதிரி காவிப்பட்டை போட்டா வேற இன்னா செய்வான்? ஹெட்மாஸ்டர்?"

"பட்டைய அழி, இல்லன்னா கெணத்துப் பாடமே வேணாம்ங்கிறாரு. அதான், அழிச்சுட்டு அடிக்கு ஒரு மீனு வரையப் போறோம். மழை பேஞ்சா ஒவ்வொண்ணா தண்ணிக்குள்ள போவும்."

ஜன்னல் வழியே உப்புக்காற்று வந்தது.

"அதுவரைக்கும் மீனுங்க காய்ஞ்சுகினு கெடக்குமா?"

"பசங்களும் அதையேதான் கேட்டாங்க. நாளைக்குக் கீழ, இப்ப தண்ணி நிக்கிற எடத்துலேர்ந்து ஆரம்பிக்கிறோம். மொத மீனுக்கு வயித்துலயாவது தண்ணி படணுமாம்."