தும்மித் தள்ளும் கன்று

யாராவது பேசுவதை ஒட்டுக்கேட்க வேண்டுமென்றால் நான் காதில் இயர்போன் மாட்டிக்கொள்வேன். பாட்டு எதுவும் ஓடாது. அன்று பேச்சிப்பாறையிலிருந்து வந்த பஸ்ஸில் அப்படி உட்கார்ந்து தலையை வேறு ஆட்டிக்கொண்டிருந்தேன். வயரின் மறுநுனி மடியில் கிடந்ததைக் கவனிக்காத புத்திசாலி.

முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரத்து அக்கா சொன்னார்: “ஒரு கன்னுக்குட்டி தும்முகதால எனக்க மவ மூணு வருசமா ஊருக்கு வரல்ல.”

“என்னட்டி சொல்லுக?”

“அவ வேல பாக்கிய நாட்டில, குளிர் வந்தா கன்னுக்கெல்லாம் நெஞ்சுச்சளி. ஊசிக்குப் பதிலா மூக்கில அடிக்கிய தடுப்புமருந்து செய்யுகா. இவ அடிச்சா அது தும்மித் தள்ளிருது. மருந்து உள்ள நிக்கணும்னு மாத்தி மாத்திப் பாக்கா.”

“நம்ம சபை அசன விருந்துக்குச் சோறு விளம்பவாவது வருவாளா?”

“அந்த நேரத்திலதான் அங்க குளிரு. கன்னை விட்டுட்டு எப்பிடி வருவா?”

“வீடியோவில பேசுவாளா?”

“பேசுவா. கன்னுக்க மூக்கைத்தான் காட்டுவா. நான் அதைப் பாத்து, ‘சாப்பிட்டியா மக்கா’ன்னு கேப்பேன். நேத்து ஒரு இருமல் கேட்டுது. ‘இருமினது நீயாட்டி’ன்னேன். ‘இல்லம்மா, கன்னு’ன்னா. பெத்தவளுக்கு மவளுக்க இருமல் தெரியாதா?”

பஸ் குலசேகரம் தாண்டியது. எனக்குப் பொறுக்கவில்லை.

“அக்கா, அப்போ மகள் எப்பதான் வருவா?”

அவர் திரும்பி என்னையும் மடியில் கிடந்த வயர் நுனியையும் ஏற இறங்கப் பார்த்தார்.

“வந்தா ஒமக்கு ஆள் விட்டுச் சொல்லுகேன்.”