கண்ணாடியில் தெரிந்த நாக்கு

உறக்கத்தைப் பற்றி இவ்வளவு நேரம் பேசிவிட்டேன். பின்வரிசையில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு சிந்திக்கிறார்... சிந்திக்கட்டும். அவரும் விழித்துக்கொள்ளும்படியாக ஒரு சின்னக் கதை சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

ஆலங்குளம் பக்கத்தில் ஒரு டவுன் பஸ். அதன் டிரைவர் பொன்னுத்துரை. வயது ஐம்பத்திரண்டு. இருபத்தாறு ஆண்டுகளில் ஒரு கோழிக்குஞ்சைக்கூட நசுக்காதவர். பெருமைப்பட வேறொன்றும் இல்லாததால், அந்த ஒரு பெருமையை மிகக் கவனமாகக் காத்துவந்தார்.

ஆனால் அவர் குறட்டை விடுவார். எப்படிப்பட்ட குறட்டை? நடுவிலே மூச்சு நின்றுவிடும்... நின்றே இருக்கும்... பிறகு ஓர் உறுமலோடு திரும்பி வரும். அந்த இடைவெளியில் அவர் மனைவி செல்வக்கனி எழுந்து உட்கார்ந்து, அவர் மார்பையே பார்த்துக்கொண்டிருப்பாள். உறங்கியவர் அவர், விழித்திருந்தவள் அவள். ஆயினும் மறுநாள் ஸ்டியரிங்கின் முன்னால் கண் சொருகியது யாருக்கு? அவருக்குத்தான்! ஏனென்றால் அவர் உறங்கியது உறக்கமே அல்ல.

ஒரு நண்பகல். அறுபது பேரோடு ஓடிய வண்டி சாலையைவிட்டு இறங்கி, ஒரு புளியமரத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. ஒருவருக்கும் காயமில்லை.

"ஆடு குறுக்க வந்துட்டு" என்றார் பொன்னுத்துரை.

முன்னிருக்கைகளில் இருந்தவர்கள், சுற்றிய பீடியைக் கம்பெனியில் கொடுக்கப் போகிற பெண்கள். "நல்லவேளை, நம்ம அண்ணாச்சி பிரேக்கைப் பிடிச்சாவ!" என்று வாழ்த்தினார்கள். வீட்டில் செல்வக்கனி வாழ்த்தவில்லை. "ஆடு கருப்பா, செவலையா?" என்று கேட்டாள். அவர் முகம் கழுவப் போய்விட்டார். மறுநாளே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

உறங்கவைத்துச் சோதித்த டாக்டர் சொன்னார்: "நாக்கும் தொண்டைத் தசையும் தளர்ந்து, தூக்கத்துல மூச்சுவழியை அடைக்குது. இன்னும் முத்தலை. எடையைக் குறைங்க, ஒருக்களிச்சுப் படுங்க, வாய்க்கும் நாக்குக்கும் மூச்சுக்கும் பயிற்சி தர்றேன், தினமும் செய்ங்க. மறுபடி சோதிச்சு நான் சொல்றவரைக்கும் வண்டி ஓட்டக்கூடாது. டிப்போவுல சொல்லிடுங்க."

பொன்னுத்துரை என்ன செய்தார்? பயிற்சியைக் கேட்டுக்கொண்டார், கடைசி இரண்டு வாக்கியங்களை விட்டுவிட்டார்; வெளியே காத்திருந்த செல்வக்கனிக்கும் அவை போய்ச் சேரவில்லை. ஆண்களின் செவிக்கு இந்த வசதி உண்டு.

வீட்டில் செய்தால் மருமகன் சிரிப்பான். ஆகவே வண்டி புறப்படுமுன், டிரைவர் தலைக்கு மேலே இருக்கிறதே கண்ணாடி, அதைப் பார்த்துச் செய்தார். அந்தக் கண்ணாடி எதற்கு வைக்கப்பட்டது என்பது அரசுக்குத் தெரியும்; எதற்குப் பயன்படுகிறது என்பது பெண்களுக்குத் தெரியும். அவர் நாக்கை அண்ணத்தில் ஒட்டிப் பின்னால் இழுத்தார், கன்னத்தை உப்பினார், பிறகு நாக்கை முழுநீளத்துக்கு வெளியே நீட்டினார்...

"ஏ ஆவுடை, டிரைவர் நாக்கைத் துருத்துதாரு!"

"உன்னைப் பாத்தா?"

"நேத்து என்னைப் பாத்து. இன்னைக்கு உன்னைப் பாத்து!"

மூன்றாம் நாள் ஆவுடையம்மாள் டிப்போ மேனேஜரின் அறையில் நின்றாள். எதிரே பொன்னுத்துரை.

"சொல்லும்வே! பொம்பளைகளைப் பாத்து எதுக்கு நாக்கை நீட்டினீரு?"

நினைத்துப் பாருங்கள். நோயைச் சொன்னால் ஸ்டியரிங் போகும். சொல்லாவிட்டால் மானம் போகும். இருபத்தாறு ஆண்டுப் பெருமை, வாய்க்குள்ளே சிக்கிக்கொண்டு நிற்கிறது... சொல்லிவிட்டார். குறட்டையை, நின்றுபோகும் மூச்சை, டாக்டர் தந்த பயிற்சியை, டாக்டர் விதித்த தடையை... எல்லாவற்றையும்.

மேனேஜர் சிரிக்கப் போனார். ஆவுடையம்மாள் சிரிக்கவில்லை.

"அப்போ... அன்னைக்கு ஆடு வரலையா?"

"...வரலை."

"நாக்கை நீட்டுனதுக்குத்தான் சண்டைக்கு வந்தேன். அதை விட்டுட்டேன், போங்க. ஆடுன்னு சொன்னீயளே அண்ணாச்சி... எம் மக மாசமா எம் பக்கத்துல உக்காந்திருந்தா."

அவருக்குக் கிடைத்த தண்டனை அந்த ஒரு வாக்கியம். மேனேஜர் கொடுத்தது தண்டனை அல்ல; பஸ் நிலையத்தில் நேரம் குறிக்கும் வேலை. ஜன்னலுக்குப் பின்னே உட்கார்ந்து, ஊரறிய, ஒளிவுமறைவில்லாமல் நாக்கை நீட்டினார் பொன்னுத்துரை. பீடித் தட்டோடு அந்த வழியே போகும் ஆவுடையம்மாள் தினமும் கேட்பாள்:

"அண்ணாச்சி, நீட்டியாச்சா?"

"நீட்டியாச்சு தாயி!"

நான்கு மாதம். எட்டுக் கிலோ குறைந்தார். மறுசோதனையில் மூச்சு நிற்பது பெரிதும் குறைந்திருந்தது. டாக்டர் கையெழுத்துப் போட்டார். செல்வக்கனி தொடர்ந்து ஏழு மணிநேரம் உறங்கினாள்... இதற்கு யாரும் சான்றிதழ் கொடுக்கவில்லை, நான் கொடுக்கிறேன்.

வண்டிக்குத் திரும்பிய முதல் காலை. பொன்னுத்துரை ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, தயங்கித் தயங்கிக் கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தார். என்ன கண்டார்? முன்னிருக்கைப் பெண்கள் அத்தனை பேரும், ஒரே நேரத்தில், அவரைப் பார்த்து நாக்கை நீட்டிக்கொண்டிருந்தார்கள்! ஆவுடையம்மாளின் மகள் மடியில் ஒரு கைக்குழந்தை மட்டும், வாயை மூடி, மூக்கால் மூச்சுவிட்டு உறங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பயிற்சி தேவைப்படவில்லை.

இதை ஏன் சொன்னேன்? ஐம்பத்திரண்டு வயதுத் தசையும் பழக்கினால் பழகும், நம்புங்கள். எல்லாருக்கும் பயிற்சி மட்டும் போதாது. சிலருக்கு இயந்திரம் வேண்டும், சிலருக்குக் கத்தி வேண்டும். அதை டாக்டர் சொல்லட்டும், பக்கத்து வீட்டுக்காரர் வேண்டாம். ஆனால் எந்த மருத்துவமும் தொடங்குவதற்கு முன்னால், நாம் சொல்லிக்கொண்டிருக்கும் ஆட்டுக் கதையை நிறுத்த வேண்டும். "அசதிதான்", "வயசாகிவிட்டது", "எங்கள் அப்பாவும் இப்படித்தான்"... எத்தனை ஆடுகள் வைத்திருக்கிறோம் நாம்!

இன்று வீட்டுக்குப் போனதும், பக்கத்தில் படுப்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உறக்கத்தில் என் மூச்சு நிற்கிறதா?"

தயங்காமல் கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் அவர் இத்தனை ஆண்டுகளாக விழித்திருக்கிறார்.