யோசனைப் பெட்டியில் வந்த பாட்டு

வரதன்: யோசனைப் பெட்டின்னா யோசனை போடணும், மெர்சி. மாசா மாசம் தெறக்கற நானே பேஜாராயிட்டேன். ‘ஃபேன் மாத்துங்க’, ‘சாம்பார்ல உப்பு போடுங்க’... நடுவுல ஒரு பாட்டு.

மெர்சி: எந்தப் பாட்டுண்ணா?

வரதன்: நான் மெட்டு போட்டேனே. உங்க பேக்கிங் செக்சனே முணுமுணுத்துக்கினு இருக்குதே...

மெர்சி: ஓ, அதுவா... டீ ஆறுது, குடிங்க.

வரதன்: ‘ரெண்டு டம்ளர் கழுவி வெச்சேன், ஒண்ணுலதான் டீ குடிச்சேன், காலி டம்ளர் பளபளப்புல என் மூஞ்சிய நானே பாத்துக்கினேன்.’ இன்னாமா எழுதியிருக்கா.

மெர்சி: ‘எழுதியிருக்கா’ன்னு பொம்பளையாக்கிட்டீங்களே, எப்படி? ஆம்பள எழுதக்கூடாதா?

வரதன்: யாரா இருந்தாலும் சரி. ஆயுத பூஜை மேடையில பாடணும்னா ஆபீஸ்ல எழுதினவங்க பேரு வேணுமாம். அஞ்சு மணிக்குள்ள.

மெர்சி: குடுக்காட்டி?

வரதன்: பாட்டுக்குப் பதிலா நம்ம லோடிங் பென்னி டான்ஸ் ஆடுவான். போன வருஷம் ஆடித்தான் மேடையில பலகை ஒடஞ்சுது.

மெர்சி: ஒடையட்டும். புருஷன் போயி ரெண்டு வருஷம் ஆவல, அதுக்குள்ள பாட்டு கேக்குதான்னு வேலைக்கு வர்ற ஆரம்பாக்கம் ரயில் பூரா பேசுமே.

வரதன்: எழுதினவளுக்குப் புருஷன் இல்லன்னு நான் சொல்லலியே...

மெர்சி: ...ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

வரதன்: சரி, பேச்சுக்குத்தான். அடுத்த மாசம் பெட்டியில ரெண்டாவது சரணமும் வந்துதுன்னு காட்டினேனே, அது எப்படி?

மெர்சி: சகிக்கல.

வரதன்: இன்னாது?

மெர்சி: ‘சொவரோட பேசிக்கினு கெடக்கறேன், யாராச்சும் கதவத் தட்டுங்க.’ அழுமூஞ்சி. மொத சரணத்துல அவ யாரையும் கூப்பிடல. தனியா நின்னு, தான் யாருன்னு பாக்கறா. இவன் ஆள் தேடறான்.

வரதன்: தேடினா தப்பா? நாஷ்டாவும் தனியா, சாப்பாடும் தனியா... ஆர்.கே.பேட்டையில பொண்டாட்டி புள்ளைய உட்டுட்டு இங்க ரூம்ல கெடந்து பாரு, தெரியும்.

மெர்சி: யாரு கெடக்கறது?

வரதன்: இரு, டீய குடிச்சுக்கறேன்.

மெர்சி: டீய கீழ கொட்டாதீங்கண்ணா.

வரதன்: சரிம்மா. ரெண்டாவது என்னுது. மொதலாவது உன்னுதுன்னு ஒத்துக்கோ.

மெர்சி: எங்க வீட்டுக்காரரு ஸ்டீவன் இருந்தப்ப நான் ஒரு வரி எழுதினதில்ல. எழுத வரும்னே தெரியாது. அந்தத் தனிமையில உக்காந்துதான் தெரிஞ்சுது... அதுக்கு வெக்கப்படணுமா, சந்தோஷப்படணுமான்னே புரியலண்ணா.

வரதன்: ரெண்டும் படு. பேர எழுதட்டுமா?

மெர்சி: எழுதுங்க. ரெண்டு பேரோடதும். நானே பாடறேன்... உங்க சரணத்தையும் சேத்து.

வரதன்: சகிக்கலன்னியே?

மெர்சி: எதிர்ல இருக்கறவருதுன்னு தெரிஞ்சேதான் சொன்னேன். ரெண்டாவது சரணம் பெட்டியில வந்துதுன்னீங்களே, அந்த மாசம் பூரா பெட்டி பெயின்ட் அடிக்கப் போயிருந்துது, யாரும் ஒரு சீட்டும் போடலண்ணா.